மீன்கணக்கு அக்கா

முதல் படகின் கயிறு கரையில் விழுவதற்குள் மீன்கணக்கு அக்கா காதில் பென்சிலோடு தண்ணீரில் இறங்கியிருப்பாள். மீன்வள அலுவலகத்தின் கணக்கெடுப்பாளர் என்று அவளுடைய அட்டையில் அச்சடித்திருக்கிறது. படகுத்துறையில் அட்டையை யார் படிக்கிறார்கள்?

"இன்னைக்கு என்னண்ணே பட்டுச்சு?"

"ஒண்ணுமில்லம்மா, வெறும் வலைதான்" என்பார் நீலப்படகுக்காரர். அவருக்குப் பின்னால் கூடை நிறைய மீன் துள்ளிக்கொண்டிருக்கும். உள்ளதைச் சொன்னால் கண் பட்டுவிடும், வரி வந்துவிடும், மாமியார் விருந்துக்கு வந்துவிடுவார். அக்கா சண்டை பிடிக்கமாட்டாள். "அந்த வெறும் வலையைத் தராசுல வைங்கண்ணே" என்பாள்.

விற்கிற மீனோடும் விடமாட்டாள். குழம்புக்கென்று துண்டில் சுற்றி வீட்டுக்குப் போன நாலு மீனைத் தேடி அடுப்படிவரை போவாள். "இது பைத்தியமேதான்" என்று சொல்லிக்கொண்டே பெண்கள் அவளுக்கும் ஒரு தட்டு வைப்பார்கள்.

காரணம் இருக்கிறது. எந்தப் படகுத்துறையின் மீன்பிடிப்புக்கு எவ்வளவு மதிப்பு என்று ஆண்டுதோறும் ஒரு பெரிய அட்டவணை வரும். அதில் கப்பல்களுக்கெல்லாம் எண்கள் உண்டு. சின்னப் படகுகளுக்கு ஒரு கோடு, அவ்வளவுதான். "ஊருக்கே சோறு போடுறோம், கணக்குல நாம இல்லவே இல்ல" என்று அவளுக்கு வயிறு எரியும். எல்லாப் படகும் சேர்ந்து நாளுக்கு நூறு கிலோ பிடிக்கிறது என்று ஓர் அதிகாரி நேரில் எடைபார்த்துவிட்டால், இந்தத் துறையும் அட்டவணையில் ஏறும். ஏறினால் துறையின் இடிந்த படிக்கட்டைக் கட்டித் தருவார்கள். அதில் வழுக்கித்தான் நீலப்படகுக்காரரின் மனைவி போன மாதம் காலை உடைத்துக்கொண்டார்.

நேற்று அதிகாரி வந்தார். "மீன் எப்படி?" என்று கேட்டார். பழக்கதோஷத்தில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று அக்கா நீலப்படகுக்காரரின் முகத்தையே பார்த்தாள்.

நீலப்படகுக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். "அள்ள அள்ளக் குறையல சார்!"

எல்லாக் கூடைகளையும் அவரே தராசில் ஏற்றினார். முள் நூற்றுப் பதினான்கில் நின்றது. துறையே கைதட்டி ஆர்ப்பரித்தது. அதிகாரி அட்டவணைத் தாளை விரித்து, சின்னப் படகுகளுக்கான கோட்டுக்கு நேரே பேனாவைத் திறந்தார்.

அக்கா மட்டும் முள்ளையும் கூடைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குனிந்து, நீலப்படகுக்காரரின் கூடைக்குள் கைவிட்டு, மீனுக்கு அடியிலிருந்த பெரிய ஐஸ் கட்டியை இழுத்தெடுத்தாள். கைதட்டல் நின்றது. முள் இறங்கி, தடுமாறி, நூற்று நான்கில் நின்றது.

"இது கடல்ல பட்டதில்லையே, அண்ணே" என்று சிரித்தபடி கட்டியை அவர் இரு கைகளிலும் வைத்துவிட்டு, அதிகாரியின் பேனாவை வாங்கி, அந்தக் கோட்டை அடித்து, 104 என்று எழுதினாள்.