சுருளாத அலை

சரவணம்பட்டியில் ஒரு தனியார் கல்லூரியில் நவ்யா வேதியியல் ஆசிரியை. வாரம் பதினெட்டு மணி நேரம் பாடம் எடுத்தது போக, மீதி நேரத்தில் பிஎச்.டி. செய்துவந்தாள். சிவப்பும் நீலமுமாகத் தானே நிறம் மாறிக்கொண்டிருக்கும் ஒரு ரசாயனக் கலவை உண்டு. கண்ணாடித் தட்டில் ஊற்றினால் நீல அலைகள் எழுந்து, நத்தை ஓடு போலச் சுருண்டு சுழலும். அதைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு வரவழைப்பதுதான் அவள் ஆராய்ச்சி.

எட்டு மாதமாகச் சுருள் வரவில்லை. வளையங்கள்தான் வந்தன. வட்டம் வட்டமாக விரிந்து ஓரத்தில் போய் மறைந்தன. வேகமாக ஓட்டினால் கணக்கு சிதறித் திரை கறுத்தது. நிதானமாக ஓட்டினால் இரண்டு நாள் காக்கவைத்து, அதே வளையத்தைக் காட்டியது. ஒருமுறை தேர்வுப் பட்டியல் அச்செடுக்க வந்த யாரோ கம்ப்யூட்டரைப் பாதியில் அணைத்தே விட்டார்கள். அன்று ஓய்வறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஆய்வகத்துக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். மாணவர்களுக்காக ஊற்றிவைத்த தட்டில் இரண்டு சுருள்கள் சுழன்றுகொண்டிருந்தன. பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

“ஏனுங்க சாஜிதா, இது எப்படிங்க வந்துச்சு?”

ஆய்வக உதவியாளர் சாஜிதா பேகம் பதறினாள். “மேசை தொடைக்கறப்ப தட்டை இடிச்சுப்போட்டனுங்க மேடம். வளையம் அறுந்துபோச்சுங்க. வேற ஊத்தித் தரட்டுங்களா?”

“வேண்டாங்க.”

அலை அறுந்தால்தான் முனை சுருளும். இதை அவளே ஒரு கட்டுரையில் படித்து, அடிக்கோடும் போட்டிருந்தாள். தன் கணக்கில் தட்டை இடிக்க ஆளில்லை என்பது மட்டும் உறைக்கவில்லை. எட்டு மாதம்! தன் தலையில் தானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மாடியிலிருந்த கம்ப்யூட்டருக்கு ஓடி, திரையில் பாதி வளையத்தை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினாள். அறுந்த முனைகள் இரண்டும் வளைந்தன, சுருண்டன, சுழன்றன. வீடியோவை வழிகாட்டி பாலகோபாலுக்கு அனுப்பினாள். உடனே போன் வந்தது.

“நல்லாருக்குங்க. ஒரு சுத்துக்கு எத்தனை செகண்டுங்க?”

“பத்தொம்பதுங்க சார்.”

“நெசத் தட்டுல?”

அவள் கீழே இறங்கி, சாஜிதாவின் செல்போனில் நேரம் பார்த்தாள். நாற்பத்திரண்டு.

“அப்ப வேக எண்ணெல்லாம் தப்புங்க. மறுபடி பாருங்க.”

“எல்லாமுங்களா சார்?”

“எல்லாமேதானுங்க.”

போனை மேசையில் குப்புறக் கவிழ்த்தாள். ரசாயன வினைகளின் வேகத்துக்கென்று அவள் கணக்கில் கொடுத்திருந்தவை மொத்தம் பதினொரு எண்கள். பல்லைக் கடித்துக்கொண்டு முதல் எண்ணைத் திருத்தினாள். மூன்றாமாண்டு வகுப்புக்கு மணி அடித்தபோது இரண்டாவதில் இருந்தாள்.