இரத்தினபுரி வரை அவளுடையது

கொடகவெல பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் தேத்தண்ணிக் கடையில்தான் அந்தப் புத்தகத்தை முதன்முதலாகப் பார்த்தேன். எங்கள் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி ஓட்டுகிறவர் அதைக் கொண்டுவந்து என் பிளேன்டீக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அண்ணே, ஒங்க கதையத் தூக்கி புத்தகத்துல போட்டுருச்சு பாருங்க அந்தப் புள்ள," என்றார்.

"எந்தப் புள்ள?"

"நம்ம கீழ் லயத்துப் புள்ளதான். ஒம்பதாம் தரம் படிக்குதே, தகப்பன் இல்லாத புள்ள. எல்லாம் சோகக் கதையாம். எங்க வீட்டுல அத படிச்சு அழுதுக்கிட்டே ரொட்டியக் கருக விட்டுட்டா."

அட்டையில் மழையில் நனையும் ஒரு லயம், எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளைப் போலவே. பின்னட்டையில் அவளுடைய படம்: பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி, இரட்டைப் பின்னல். படத்துக்குக் கீழே எழுத்தாளர் என்று அச்சடித்திருந்தார்கள். நான் திறந்து படிப்பதற்கு முன் புத்தகத்தின் தடிப்பைத்தான் பார்த்தேன். மெல்லியதாக இருந்தது. அதில் எனக்குச் சின்ன நிம்மதி.

இந்த நிம்மதி எதற்கு என்று கேட்டால், என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டேன். வீட்டில் கை தேவைப்பட்டது, அவ்வளவுதான். அதன்பிறகு குருவிட்டவில் மாணிக்கக் குழியில் தண்ணீர் இறைத்தேன். கலவானைப் பக்கம் சிங்களக்காரர்களின் சின்னத் தேயிலைத் தோட்டங்களில் புல் வெட்டினேன். கொழும்பில் ஓட்டலில் பீங்கான் கழுவினேன். ஓரிடத்தில் அடுத்த மழைக்காலம் வரை நின்றது குறைவு. இப்படித் திரிகிறவனுக்கு எங்கள் தோட்டத்தில் ஒரு வேலை தானாக வந்து சேர்ந்தது. யாராவது செத்துப் போனால், வெளித் தோட்டங்களில் இருக்கும் உறவுகளுக்கு நேரில் போய்ச் சொல்கிற வேலை.

இன்று எல்லார் கையிலும் போன் இருக்கிறது. ஆனாலும் சம்பந்தம் செய்த வீட்டுக்குப் போனில் சொன்னால் அது சொன்னதாகாது. ஆள் போக வேண்டும். போகிறவன் வாசலில் நிற்க வேண்டும், உள்ளே போய் உட்காரக் கூடாது. செய்தியைப் பெண்களிடம் முதலில் சொல்லக் கூடாது, வீட்டு ஆம்பிளையிடம் சொல்ல வேண்டும். முக்கியமாக, அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. திரும்பும்போது போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது. என்னை அனுப்பியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் எந்தத் தோட்டத்தில் வந்து நின்றாலும் ஏன் வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. திரிகிறவன் வந்திருக்கிறான் என்றுதான் நினைப்பார்கள்.

அப்படிப் போன பயணங்களில் ஒன்றை நான் பல வருடங்களாகக் கதையாகச் சொல்லி வந்தேன். குழிமேட்டில், கடை வாங்குப் பலகையில், நின்றுபோன பஸ்ஸில். எங்கள் கீழ் லயத்தில் ஓர் ஆள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்துவிட்டார். மனைவி பிள்ளையோடு கேகாலைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். நான் போனேன். அவளுடைய தகப்பன் ரப்பர் பால் வெட்டப் போயிருந்தார். ஒரு பையனை விட்டு அவரைக் கூப்பிடச் சொல்லிவிட்டு வாசலில் நின்றேன். அவள் உள்ளே தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். தேத்தண்ணி வந்தது. "வேணாம்மா" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். திருவலை கையிலிருந்து விழுந்தது.

இந்த இடத்தில் நான் நிறுத்துவேன். கேட்பவர்கள் மூச்சு விடமாட்டார்கள். சாவு சொல்ல வந்தவன்தான் தண்ணீர் வேண்டாம் என்பான் என்பது எங்கள் ஆட்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சிங்களக் கடைக்காரர்கூட ஒரு தரம் கேட்டுவிட்டு, "அனே, பாவ்" என்று இரங்கி என் தேத்தண்ணிக்குச் சீனி கூடப் போட்டார். அந்தக் கதையை ஒருநாள் எழுதிப் பத்திரிகைக்கும் அனுப்பினேன். பல ஞாயிற்றுக்கிழமைகள் கடைக்குப் போய்ப் பேப்பரைப் புரட்டினேன். வரவில்லை. எழுதுவதற்குப் படிப்பு வேண்டும் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அதை அவள் எழுதியிருந்தாள். அந்தப் பிள்ளை, அந்த மனைவியின் பிள்ளைதான். நான் செய்தி கொண்டுபோன நாளில் அவள் முன்பள்ளிக்குக்கூட ஒழுங்காகப் போகத் தொடங்காத குஞ்சு. அவளுக்கு என்ன ஞாபகம் இருக்கப் போகிறது? லயத்துக்கு லயம் நான் சொல்லிச் சொல்லி, அது அவள் காதுவரை போயிருக்கிறது. அப்படித்தான் நான் கணக்குப் போட்டேன்.

கடை வாங்கில் உட்கார்ந்தே அந்தக் கதையைப் படித்தேன். சிறுமியின் கண்ணால் எழுதியிருந்தால் பொறுத்திருப்பேன். அவள் என் கண்ணால் எழுதியிருந்தாள். 'அந்த மனிதர்' என்று ஓர் ஆள். அவர் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று வாசலில் யோசிக்கிறார். செருப்பு அறுந்து கம்பியால் கட்டியிருக்கிறது. என் செருப்பு அது. நான் அந்தச் செருப்பை என் கதையில் ஒருபோதும் சொன்னதில்லை. இது எப்படி இவளுக்குத் தெரியும் என்று அந்த நேரம் யோசிக்கவில்லை. எரிச்சல் கண்ணை மறைத்திருந்தது.

அப்புறம் அந்த வரி வந்தது. 'அவர் தேநீரை மெதுவாகக் குடித்தார், அது முடிந்துவிடக் கூடாது என்பதைப் போல.'

அந்த வரியைத் திரும்பப் படித்தேன். நல்ல வரி. நான் எழுதியிருக்க வேண்டிய வரி. வயிறு எரிந்தது. அடுத்த கணம் சிரிப்பும் வந்தது. குடித்தாராம். சாவு சொல்லப் போனவன் குடித்தானாம். லயத்தில் பிறந்த பிள்ளைக்கு இது தெரியவில்லையே. கதையின் உயிரே நான் மறுத்ததில்தான் இருக்கிறது. இவள் குடிக்க வைத்துக் கெடுத்திருக்கிறாள். அதோடு, தேத்தண்ணியோடு கடிக்கக் கொடுத்த கித்துள் கருப்பட்டித் துண்டை அவர் கடிக்காமல் சட்டைப் பைக்குள் போடுகிறாராம். பஸ்ஸில் அது உருகி எறும்பு ஏறுகிறதாம். கதையும் முழுசாகப் போகவில்லை. இரத்தினபுரி பஸ் நிலையத்தில் சட்டென்று நின்றுவிடுகிறது.

"என்ன அண்ணே, சிரிக்கிறீங்க? சோகக் கதைன்னாங்களே," என்றார் லொறிக்காரர்.

"பிழை இருக்கு. பெரிய பிழை," என்றேன். "வெளியீட்டு விழா எப்ப?"

ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூட மண்டபத்தில். இருந்ததில் நல்ல சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனேன். குத்துவிளக்கு, வாழைத்தோரணம், கரகரக்கும் மைக். அவளுக்கு மாலை போட்டார்கள். மாலை அவளைவிட நீளம். தோட்டத் தலைவர் பொன்னாடை போர்த்தினார். அந்தத் தலைவர்தான் என்னைச் சாவு சொல்ல அனுப்புகிறவர். எனக்குப் பஸ் காசைத் தவிர வேறொன்றும் கையில் தந்ததில்லை. அதை அன்று நினைத்தேன். அதற்குமுன் அது எனக்குக் குறையாகவே பட்டதில்லை.

கல்வி அலுவலகத்திலிருந்து வந்த ஒருவர் நீளமாகப் பேசினார். பிள்ளை இவ்வளவு சின்ன வயதில் இவ்வளவு துக்கத்தை எப்படி எழுதினாள் என்று ஆச்சரியப்பட்டார். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. துக்கம் எங்கள் பக்கம் தாராளமாகக் கிடைக்கும். அவள் கதைகளை அச்சாக்கிக் கொடுத்த டீச்சரைப் போல ஒருவர்தான் கிடைப்பதில்லை. எனக்குக் கிடைக்கவில்லை.

பிறகு, சபையில் யாராவது கருத்துச் சொல்லலாம் என்றார்கள். எழுந்தேன். பின்வரிசையில் யாரோ, "அடே, நம்ம சாவுத்தந்தி பேசப்போகுது," என்றான். நான் கண்டுகொள்ளவில்லை.

"கதை நல்லா இருக்கு. ஆனா ஒரு பிழை," என்றேன். "சாவு சொல்லப் போறவன் அந்த வீட்டுல வாய் நனைக்க மாட்டான். இது நம்ம வழக்கம். பெரியவங்க இருக்கீங்க, கேட்டுப் பாருங்க. கதையில அந்த ஆள் தேத்தண்ணி குடிக்கிறான். அது நடக்காது. அந்த ஆள் நான்தான். நான் குடிக்கல."

கிழவர்கள் தலையாட்டினார்கள். "அது உண்மதான். குடிக்கக் கூடாது," என்றார் ஒருவர். தலைவரும் டீச்சர் பக்கம் குனிந்து ஏதோ சொன்னார். டீச்சர் முகம் வாடியது. எனக்கு மனசு குளிர்ந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

பிள்ளை மைக்கைப் பிடித்தாள்.

"நீங்க குடிச்சீங்க மாமா," என்றாள். "நான்தான கொண்டுவந்து குடுத்தேன். குடிச்சிட்டு டம்ளர என் கையில குடுத்தீங்க. கருப்பட்டிய சாப்புடல. பையில போட்டீங்க. பஸ்ஸுல எறும்பு வந்துச்சு, நான் ஒங்க சட்டையில ஒண்ணு ஒண்ணா எடுத்து விட்டேன்."

யாரோ சிரித்தார்கள். நான், "அது வேற யாராவது" என்று தொடங்கினேன். அதற்குள் பெண்கள் வரிசையில் அவளுடைய அம்மா எழுந்து நின்றுவிட்டாள். அந்தப் பெண் கூட்டத்தில் பேசி நான் பார்த்ததில்லை.

"குடிச்சீங்கண்ணே," என்றாள். "வேணாம்னு சொல்லியிருந்தீங்கன்னா எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கும். நீங்க குடிச்சதால அப்பா வர்ற வரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியல. நான் பாட்டுக்குத் தேங்கா திருவிக்கிட்டு இருந்தேன். எங்க வீட்டுக்காரருக்குப் புடிச்ச தேங்காச் சம்பல்தான், திரும்பி வரும்போது கொண்டுவரலாம்னு." அவ்வளவு சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

எனக்கு அந்தச் சட்டை ஞாபகம் வந்தது. நீலச் சட்டை. பையின் அடியில் ஒரு பழுப்புக் கறை, எத்தனை துவைப்புக்கும் போகாமல் இருந்தது. ரப்பர் பால் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். கறையின் பின்னால் மற்றதும் வந்தது. இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, சிந்தாமல் வர வேண்டுமே என்று நாக்கைக் கடித்தபடி நடந்து வந்த ஒரு குஞ்சு. அதனிடம் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. உள்ளே தேங்காய் திருவுகிற சத்தம். சூடான தேத்தண்ணியை என்னால் முடிந்த மட்டும் மெதுவாகக் குடித்தேன்.

வேண்டாம் என்று நான் சொன்னது வேறொரு வீட்டில், வேறொரு சாவுக்கு. திருவலை விழுந்த கதையும் எப்படியோ பிறகு வந்து ஒட்டியதுதான். சொல்லச் சொல்ல இரண்டு வீடும் ஒன்றாகிவிட்டன. நான் அந்தக் கதையை நன்றாகச் சொல்லிச் சொல்லியே உண்மையைத் தொலைத்திருக்கிறேன். அவள் ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்து அப்படியே எழுதியிருக்கிறாள்.

"அப்ப சரி," என்றேன். "பிழை என்னோடதுதான்." உட்கார்ந்தேன். கைதட்டினார்கள். எனக்கு அல்ல.

நியாயமாகப் பார்த்தால் அன்றோடு பொறாமை விட்டுப் போயிருக்க வேண்டும். போகவில்லை, கூடிவிட்டது. காதில் விழுந்த கதையை எடுத்து எழுதினாள் என்றால் ஏசிவிட்டுப் போகலாம். என் கையில் நடந்ததை, நானே பார்க்காததை, என் இடுப்புக்கும் வராத உயரத்தில் நின்று அவள் பார்த்திருக்கிறாள். அதற்கு என்ன செய்வது?

விழா முடிந்து எல்லாருக்கும் மிக்சரும் தேத்தண்ணியும் கொடுத்தார்கள். அவள் மாலையைக் கழற்றித் தோழியிடம் கொடுத்துவிட்டு, ஒரு புத்தகத்தோடு என்னிடம் வந்தாள். உள்ளே கையெழுத்துப் போட்டிருந்தாள். எழுத்து முத்து முத்தாக இருந்தது, அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

"கோவமா மாமா?"

"கோவம் இல்ல. கத ஏன் ரத்னபுரியில நிக்குது? நாம கொடகவெல வரைக்கும் வந்தோமே."

"நான் தூங்கிட்டேனே," என்றாள். "பஸ் மாறுனது வரைக்கும்தான் தெரியும். முழிச்சப்ப நம்ம லயத்துல எல்லாரும் அழுதுக்கிட்டு இருந்தாங்க. நடுவுல என்ன நடந்துச்சு மாமா? அம்மாகிட்ட கேட்டா சொல்ல மாட்டேங்குறாங்க. நீங்க சொன்னா ரெண்டாவது புத்தகத்துல எழுதுவேன்."

பேனாவைக்கூடக் கையில் வைத்திருந்தாள்.

"ஒண்ணும் நடக்கல," என்றேன். "மழ பேஞ்சிச்சு. பஸ் மெதுவாப் போச்சு."

அவள் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும், "தேங்ஸ் மாமா," என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நடந்தே லயத்துக்கு வந்தேன். மற்றக் கதைகளையும் அன்றே படித்து முடித்தேன். பிழை தேடித்தான் படித்தேன். கிடைக்கவில்லை.

நடந்தது இதுதான். அவள் முந்திக்கொள்வதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். பிறகு அவள் படித்தால் படிக்கட்டும். இரத்தினபுரியில் பஸ் மாறியதும் பிள்ளை என் மடியில் தூங்கிவிட்டது. அம்மாவுக்கு அதற்குள் எல்லாம் தெரியும். புறப்படும் முன்பே அவளுடைய தகப்பன் சொல்லியிருந்தார். அவர் எங்களுக்கு முன் சீட்டில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தார். பஸ் நிறையச் சிங்கள ஆட்கள், கல்யாணத்துக்குப் போகிறவர்கள், பூவும் சிரிப்புமாக இருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் அவள் அழவில்லை. மடியில் ஒரு சின்னப் போத்தல், அதற்குள் சம்பல். ஏன் எடுத்து வந்தாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. பெல்மதுளை தாண்டும்போது என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"அண்ணே, அவரு காலையில சாப்புட்டிருந்தாரா?"

எனக்குத் தெரியாது. நான் அவரை விழுந்த பிறகுதான் பார்த்தேன்.

"சாப்புட்டாரும்மா," என்றேன். "ரொட்டி சாப்புட்டாரு. நான் பாத்தேன்."

அவள் தலையாட்டினாள். பிறகு கொடகவெல வரும்வரை ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளை தூக்கத்தில் என் சட்டைப் பையைப் பிடித்திருந்தது.