திங்கட்கிழமை முனகல்

செத்தவனை வாரந்தோறும் முனக வைப்பது யார் என்று நினைக்கிறீர்கள்? பேயா? அவ்வளவு சுலபமாகப் பழியைத் தள்ளிவிடாதீர்கள்.

வனத்துறையின் மலைப்பாதை ஒன்றைக் கூட்டிக் காவல் காப்பவள் ஒரு பெண். நான்கு வருடத்துக்கு முன் அது அவள் புருஷனின் வேலை. ஊர் சுற்ற வந்தவர்கள் ஓடையில் உடைத்துப் போட்ட கண்ணாடி அவன் குதிகாலைக் கிழித்தது. புண் சீழ் பிடித்து, பத்தாம் நாள் ஆள் போய்விட்டான். பூட்ஸ் கேட்டு அவன் எழுதிய மூன்று மனுக்கள் அலுவலக மேசைக்குள் பத்திரமாக இருக்கின்றன. அவளுக்கும் இன்றுவரை ரப்பர் செருப்புதான்.

அவன் போன பிறகு, காற்று எழும்போதெல்லாம் உச்சிப்பாறையிலிருந்து நீளமாக ஒரு முனகல். கடைசி நாளில் அவன் முனகியதும் அப்படித்தான்.

"என்னக்கா, மாமா கூப்பிடுறாரா?" என்று அலுவலக ஜீப் டிரைவர் சீண்டுவான்.

"உன்னைக் கூப்பிட ஆளில்லைன்னு வயித்தெரிச்சலாடா?"

வாய்தான் அப்படி. குரல் கேட்ட அன்றைக்குச் சோறு இறங்காது. பாதை முழுக்கக் கூட்டுவாள். அந்தப் பாறைப் பக்கம் மட்டும் போகமாட்டாள்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் விளக்குமாறோடு ஏறினாள். "இருய்யா, நேர்லயே வர்றேன். என்ன வேணும்னு சொல்லித் தொலை!"

பின்னாலேயே ஏறிய டிரைவர் பத்தடி தள்ளியே நின்றுகொண்டான்.

பாறை இடுக்குகளில் பாட்டில்கள். குடித்தவர்கள் அழகு பார்த்துச் செருகிவிட்டுப் போனவை. ஒவ்வொன்றின் வாயிலும் காற்று ஊதிக்கொண்டிருந்தது.

"அட, இதுக்காக்கா நாலு வருஷம் பயந்தோம்?" என்று டிரைவர் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. இரண்டு மூட்டை கட்டிச் சுமந்து இறங்கினாள். அந்த வாரம் முழுக்க மலை வாய் திறக்கவில்லை. வயிறாரச் சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வந்து போனது. திங்கட்கிழமை காலை மறுபடியும் முனகல்.

"பாட்டில்தான்க்கா" என்றான் டிரைவர்.

"தெரியும்டா. தெரிஞ்சும் அவரு குரலாத்தான் கேக்குது."

இப்போது ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்த ரப்பர் செருப்போடு அவள் பாறை ஏறுகிறாள், புருஷன் குரலை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுக்க.

மலைக்குப் போங்கள். ஆற அமர உட்கார்ந்து வாருங்கள். கொண்டுபோன பாட்டிலைக் கையோடு திருப்பி எடுத்து வாருங்கள். அந்த மனிதனை ஒரே ஒரு தடவை சாக விடுங்கள்.