வழியில் போனவளின் மகள்

நெரேய்தாவின் அம்மா செலானி, ஹைத்தியிலிருந்து கரும்பு வெட்ட வந்த கணவனோடு எல்லை தாண்டி, ஸ்பானிஷ் பேசும் பக்கத்து நாட்டுக்கு வந்தவள். சான் பேத்ரோ பக்கத்துத் தோட்டக் குடியிருப்பில் ஒற்றை அறை கிடைத்தது. முப்பத்தோரு வருஷம் அதை விட்டு அசையவில்லை. பிள்ளைகளைப் பெற்றது, புருஷனைப் புதைத்தது, கடைசியில் கண்ணை மூடியது எல்லாம் அங்கேதான்.

அவளுடைய 'ழான்' என்ற குடும்பப் பெயர்தான் வினையாகப் போயிற்று. பிறப்பைப் பதியப் போனால், எழுத்தர்கள் காதில் விழுந்ததை எழுதுவார்கள். மூத்தவள் நெரேய்தா 'யான்' ஆனாள். ஐந்து வருஷம் கழித்துத் தம்பி எவுசேபியோ பிறந்தபோது வேறொரு எழுத்தர். அவருக்கு என்ன அவசரமோ, தாய்க்கும் பிள்ளைக்கும் 'ஹுவான்' என்று சுத்தமான ஸ்பானியப் பெயராகவே போட்டுத் தள்ளிவிட்டார். எழுதப் படிக்கத் தெரியாத செலானி இரண்டு காகிதங்களையும் ஒரே டப்பாவில் மடித்து வைத்தாள். தோட்டத்துப் பிள்ளைகளில் பாதிப்பேர் அப்படித்தான், ஒரே வயிற்றில் பிறந்து ஆளுக்கொரு பெயரோடு திரிகிறார்கள்.

நெரேய்தா சர்க்கரை ஆலை வாசலில் யானிக்கேக்கே என்ற மாவுப் பலகாரத்தைப் பொரித்து விற்றாள்.

"பேர்லயே பலகாரத்த வச்சிக்கிட்டுப் பொறந்திருக்கா பாரு!" என்பார்கள் கரும்பு வண்டிக்காரர்கள்.

"வாய மூடிட்டுத் தின்னுங்கடா, ஆறிப்போகுது."

கல்யாணம் கூடிவரவில்லை. அம்மா போனபின் அவளுக்கென்று இருந்தது தம்பி ஒருவன்தான். கடற்கரை ஹோட்டலில் வேன் ஓட்டினான். மனைவி, மூன்று பிள்ளைகள். மாதத்தில் ஒரு ஞாயிறு வருவான். மற்ற ஞாயிறுகளில் அவள் ரேடியோவோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பாள்.

அப்புறம் தலைநகரத்திலிருந்து அந்தத் தீர்ப்பு வந்தது. காகிதமில்லாமல் வந்தவர்கள் வழியில் போகிறவர்களாம். அவர்கள் பெற்றது இந்த நாட்டுப் பிள்ளை இல்லையாம். அடையாளக் கார்டைப் புதுப்பிக்கப் போனவளிடம் எழுத்தர் பெண் பழைய கார்டையும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

"உங்கம்மா வழியில போனவங்க."

"எங்கம்மா எங்க போனா? அவ பஸ் ஏறினதே ரெண்டு தடவ. ரெண்டும் ஆஸ்பத்திரிக்கு!"

"என்கிட்ட கத்தாதீங்க. சட்டம் அப்படிச் சொல்லுது."

நாசமாய்ப் போன சட்டம்! கார்டு இல்லாதவளை எந்த நாளும் லாரியில் ஏற்றி எல்லைக்கு அந்தப் பக்கம் இறக்கிவிடலாம். அங்கே அவளுக்கு ஒரு நாயைக்கூடத் தெரியாது. ஆலை வாசலில் லாரிச் சத்தம் கேட்டாலே அடுப்பை விட்டு ஓடி ஒளிந்தாள்.

கார்டு வைத்திருக்கிற கூடப்பிறந்தவர் வந்து சாட்சி சொன்னால் வேலை நடக்கும் என்று சர்ச்சில் யாரோ சொன்னார்கள். ஸ்பானியப் பெயரால் கார்டு தப்பியிருந்த எவுசேபியோ அந்த வாரமே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"நீ வாயத் திறக்காத அக்கா. எல்லாம் நான் பேசிக்கிறேன்."

பதிவு அலுவலக வரிசையில் அவர்களுக்கு முன்னால் இரண்டு சகோதரிகள். இளையவளிடம் கார்டு இருந்தது.

"ஒரே அம்மாவா?" என்று கேட்டாள் எழுத்தர் பெண்.

"ஆமா, ஒரே வயிறு."

"அப்ப நீயும் வழியில போனவ பொண்ணுதானே? குடு உன் கார்ட."

அந்தக் கார்டும் மேஜை இழுப்பறைக்குள் போயிற்று. நெரேய்தா தம்பியைப் பார்த்தாள். அவன் கை சட்டைப் பையை அழுத்திப் பிடித்திருந்தது. அந்தக் கார்டு போனால் வேன் போகும், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் போகும்.

"அடுத்து! சாட்சி யாரு, இவரா?"

"இல்லம்மா. எனக்குச் சொந்தம்னு யாரும் இல்ல. இவரு வர்ற வழியில வேன்ல ஏத்திக்கிட்டு வந்தாரு."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். 'என்னக்கா உளர்ற' என்று ஒரு வார்த்தை அவன் கத்தமாட்டானா என்று பாழும் மனசு ஏங்கியது. கத்தினால் அவன் குடி முழுகிவிடும் என்று தெரிந்தும் ஏங்கியது.

எவுசேபியோ வரிசையை விட்டு விலகினான். முகம் செத்துப் போயிருந்தது.

"அப்ப நான் வரேங்க" என்றான்.

இடுப்பில் தூக்கிச் சுமந்தவளை அவன் அதுவரை 'ங்க' போட்டுப் பேசியதில்லை.

"போயிட்டு வாங்க, தம்பி."

தெருவில் போகிற யாரையும் அப்படிக் கூப்பிடலாம். எழுத்தர் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.