ஐந்து விரல் பதித்த கதவு

சங்கராபுரம் சாலையில் அந்தக் கார் போனால் கட்டியிருக்கும் மாடுகள் கயிற்றை அறுத்துக்கொள்ளும். கூரை கிடையாது. எஞ்சினுக்கு மூடி கிடையாது. புகை போக, பக்கவாட்டில் ஒரு இரும்புக் குழாய். முன்சக்கரங்கள் சிறியவை, பின்சக்கரங்கள் பெரியவை. பார்ப்பதற்கு எதன் மேலோ பாயத் தயாராகக் குனிந்த மிருகம் மாதிரி இருக்கும்.

அதைக் கட்டியவர் என் சித்தப்பா. பட்டாளத்தில் மெக்கானிக்காக இருந்தபோது அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் அப்படி ஒரு படம் பார்த்தாராம். அந்த ஊரில் பையன்கள் துருப்பிடித்த கார்க்கூடுகளைத் தேடிப் பிடித்து, வெட்டி, ஒட்டி, பெரிய எஞ்சினை வைத்துப் பறக்கவிடுவார்கள் என்று சொல்வார். படத்தைக் கிழித்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருந்தார். பூசை நேரத்தில் அவர் பக்தியோடு குனிந்திருப்பது எதைப் பார்த்து என்பது எனக்கு மட்டும் தெரியும்.

இப்போது அந்தக் கார் மறுபடியும் துருப்பிடித்து எங்கள் வீட்டுக்குப் பின்னால் கிடக்கிறது. போன மாதம் என் பேரன் வந்து, அதைத் திரும்ப ஓட வைக்கிறேன் என்றான். வேண்டாம் என்றேன். காரணம் கேட்டான். சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷம் அது. சித்தப்பாவிடம் ஏலத்தில் எடுத்த ஜீப் எஞ்சினும் அடிச்சட்டமும் இருந்தன, கூடுதான் இல்லை. கல்வராயன் மலையில், வண்டிப் பாதை முடிகிற இடத்தில், எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரன் விட்டுப்போன கார் இருப்பதாகக் கேள்விப்பட்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வட்ட முதுகும் வளைந்த சக்கர மூடிகளுமாக அது கற்களின் மேல் நின்றது. சித்தப்பா அதன் முதுகைத் தடவிக் கொடுத்தார். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட அவர் முகம் அப்படி மலர்ந்ததில்லை என்று, நான் சொல்லக் கேட்ட அம்மா பின்னால் சொன்னார்.

ஆனால் அது சும்மா நிற்கவில்லை. பக்கத்துக் குடிசைக்காரர் அதைத் தானியக் குதிராக வைத்திருந்தார். ஜன்னல்களைப் பலகையால் அடைத்து, உள்ளே விதைச் சாமையைக் கொட்டி, கதவு இடுக்கு முழுவதும் மண்ணும் சாணமும் குழைத்துப் பூசியிருந்தார்கள். தகரத்தை எலியால் குடைய முடியாது. கதவுப் பூச்சின் நடுவே அவர் மனைவியின் ஐந்து விரல்களும் பதிந்திருந்தன.

"நல்லா எடுத்துக்கினு போங்க மேஸ்திரி, நானா வேணாங்கறேன்? ஆடி பொறக்கட்டும். வெதை உள்ள தூங்கிக்கினு இருக்குது" என்றார் அந்த மலைக்காரர்.

"பங்குனிதான் ஆவுது கவுண்டரே. ஈஸ்டருக்கு நான் வண்டிய ஓட்டிக் காட்டணும். மூட்டையில கட்டி வெச்சிக்கயேன்."

"எங்க சாமி ஆடியிலதான் கண்ணு முழிக்கும். உங்க சாமிக்கு இன்னா அப்டி அவசரம்?"

சித்தப்பா சிரித்துவிட்டார். மலைக்காரர் சிரிக்காமல் சொன்னார்: "கை வெச்ச பூச்ச நாளுக்கு முன்னாடி தெறந்தா அப்பறம் அது வெதை இல்லீங்க. சோறு."

அந்த வாக்கியத்தை நான் பிடித்துக்கொண்டேன். விதை சோறாகிவிட்டால் ஆடி வரை காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு ஆண்களும் ஓடைப் பக்கம் பீடி பற்றவைக்கப் போனார்கள். மலைக்காரரின் மனைவி தண்ணீருக்குப் போனார். நான் ஒரு கல்லை எடுத்து, விரல் பதிந்த இடத்திலேயே அடித்தேன். காய்ந்த பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. கதவை இழுத்தேன். மடியில் சாமை சரிந்தது. காற்றுப் பட்டால் விதை சாகாது என்று பள்ளியில் படித்திருந்தேன். எனவே நான் செய்தது தப்பே அல்ல என்று எனக்குள் தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

"கொரங்கு வந்து நோண்டிக்கினு இருந்துச்சு. நான்தான் வெரட்டி வுட்டேன்" என்று அவர்கள் திரும்பி வந்ததும் சொன்னேன்.

மலைக்காரர் கதவைப் பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தார். அந்த அம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு என் தலையைத் தடவினார். "நல்ல வேள, புள்ள இருந்துச்சு. இல்லன்னா ஒண்ணும் மிஞ்சியிருக்காது."

பிறகு ஒரு முறம் சாமையை அள்ளிக்கொண்டு போய்க் குத்தினார். இனி அது சோறுதானே. எங்களுக்கும் ஆக்கிப் போட்டார். நான் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் மாட்டு வண்டியில் கூட்டை ஏற்றிக்கொண்டு இறங்கினோம். பதிலுக்கு சித்தப்பா இரண்டு தகரப் பீப்பாய்களைக் கொடுத்துவிட்டு வந்தார். வழியில் அவரிடம் உண்மையைப் பெருமையாகச் சொன்னேன். அடிப்பார் என்றோ மெச்சுவார் என்றோ எதிர்பார்த்தேன். அவர் வெகுநேரம் மாட்டின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தார். வண்டியைத் திருப்பவில்லை.

ஈஸ்டருக்குக் கார் ஓடியது. கூரையை அறுத்து, கூட்டை அடிச்சட்டத்தில் தாழ்த்தி வைத்து, மஞ்சள் வண்ணம் பூசியிருந்தார்.

"இன்னா மேஸ்திரி, எருமைக்குத் தலைய வெட்டிட்டியா?" என்று டீக்கடையில் கேட்டார்கள்.

"தலை இல்லாமயே உன் பஸ்ஸ முந்தும், பாக்கறியா?" என்றார். முந்தியும் காட்டினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு, உலகமே எங்களைப் பார்ப்பதாகத் தோன்றியது.

ஆடி மழை இரண்டு தரம் பெய்தபின் ஒருநாள் மலையடிவாரத்தில் ரேடியேட்டர் கொதித்து நின்றுவிட்டோம். சித்தப்பா தண்ணீர் தேடிப் போனார். மலையிலிருந்து ஒரு குடும்பம் இறங்கி வந்துகொண்டிருந்தது. தலையில் பாய், சட்டி, ஒரு கோழிக் கூடை. கரும்பு வெட்டப் போகிறவர்கள். முன்னால் வந்தவர் அந்த மலைக்காரர். அந்த வருஷம் மலையில் யாரிடமும் கொடுக்க மிச்ச விதை இல்லை என்பதை நான் வெகுகாலம் கழித்துத்தான் கேள்விப்பட்டேன்.

அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். "நல்லாருக்கியா தம்பி?" என்றார். பிறகு மஞ்சள் கதவின் அருகே குந்தி உட்கார்ந்து, கண்ணாடி இறங்கும் இடுக்கில் ஒரு குச்சியை விட்டு மெதுவாகக் கிண்டினார். வெகுநேரம் கிண்டினார். விரல் நுனியில் எதையோ ஒற்றி எடுத்து உள்ளங்கையில் சேர்த்தார். அந்த அம்மா முந்தானையை நீட்ட, அதில் போட்டு முடிந்துகொண்டார்கள்.

தண்ணீரோடு திரும்பிய சித்தப்பாவிடம், "நம்ம காரத் தொட்டுக் கும்புட்டுட்டுப் போறாங்க சித்தப்பா" என்று சிரித்தேன். அவர் கதவைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார். தண்ணீரை ஊற்றும்போது பாதியைத் தரையில் சிந்தினார்.

அந்த இடுக்குக்குள் நான் கல்லால் அடித்த நாளிலும் வெளிச்சம் புகுந்திருக்கவில்லை. அவர்கள் கணக்கில் அங்கே ஒட்டியிருந்த சாமை மட்டும் இன்னும் விதையாகவே இருந்தது. அது எனக்கு அப்போது தெரியாது. வண்டி கிளம்பியதும் அவர்களைத் தாண்டும்போது, அவர்கள் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று ஹாரனை அழுத்திக்கொண்டே போனேன்.