டேகெயாருக்கு நாள் பார்த்த கதை

இவர் கோயிலுக்குப் போவது அன்னதானம் இருக்கிற நாட்களில் மட்டும்தான். விரதம் பிடிக்கமாட்டார். திருநீறு பூசினால் நெற்றி கடிக்கிறதாம். ஆனால் கார் வாங்க, வீட்டுக்குக் கையெழுத்து வைக்க, புது மெத்தை இறக்க, எல்லாவற்றுக்கும் கைபேசியில் பஞ்சாங்கம் பார்ப்பார். கல்யாணம் செய்து ஐந்து வருடமாக நானும் இதோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டேன். சாமி இல்லாத இவருக்கு நேரம் மட்டும் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை விளங்கவில்லை.

மகளுக்கு ஒரு வயது முடிய என் பிள்ளைப்பேற்று லீவும் முடிந்தது. திங்கட்கிழமை நான் வேலைக்குத் திரும்ப வேண்டும், அன்றைக்கே மகளை டேகெயாரில் விட வேண்டும். இவர் கைபேசியைத் தட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"திங்கள் அட்டமி. செவ்வாய் நவமி. பிள்ளையை முதல் முதலாய் விடுற நாளா இது?"

"அப்ப மனேஜருக்குப் போன் பண்ணி, அட்டமி நவமி கழிஞ்சாப்பிறகு வாறன் எண்டு சொல்லட்டோ?"

சண்டை முற்ற முன்னரே இவர் வழியும் கண்டுபிடித்துவிட்டார். அதற்கு முந்திய வாரத்துப் புதன் நல்லதாம். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காதே! அன்றைக்கு ஒரு மணித்தியாலம் மட்டும் மகளை அங்கே விட்டுத் தொடங்கி வைத்தால், பிறகு திங்கள் அட்டமியானாலும் தோஷமில்லையாம்.

டேகெயார் என்றால் பெரிய கட்டடம் ஒன்றுமில்லை. ரொறன்ரோவில், எங்கள் மில்லிக்கன் பக்கத்தில் ஒரு அன்ரி தன் வீட்டிலேயே பிள்ளைகளைப் பார்த்தார். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்க மனுசி. சட்டப்படி ஐந்து பிள்ளைகளுக்கு மேல் பார்க்கக் கூடாது என்பதால் ஆறாவது பிள்ளைக்காகக் கெஞ்சி வருகிறவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புவார். ஐந்தாவது இடம் என் மகளுக்குக் கிடைத்தது. பின்னால் இன்னொரு தாய் காத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் நாள் விஷயத்தைச் சொன்னபோது அன்ரி சிரித்தார்.

"உங்களுக்கு நேரம், எங்களுக்குச் செபம். ரெண்டும் பிள்ளைக்கு நல்லதுதானே. கூட்டிக்கொண்டு வாங்கோ."

அந்தப் புதன்கிழமை நல்ல குளிர். வாசலில் மகளை இறக்கி, வலது காலை முதலில் வைக்கச் சொல்லி இவர் குனிந்து நின்றார். ஒரு வயதுப் பிள்ளைக்கு வலதென்ன, இடதென்ன? அது பனிச் சப்பாத்தோடு நிலத்தில் குந்திவிட்டது.

"தம்பி, எந்தக் காலெண்டாலும் வையுங்கோ. குளிர் உள்ளுக்கு வருது" என்று அன்ரி சத்தம் போட்டார். கடைசியில் பிள்ளை தவழ்ந்து உள்ளே போனது. இவர் நூற்றொரு டொலரை ஒரு என்வலப்பில் வைத்து, இரண்டு கையாலும் அன்ரியிடம் கொடுத்தார்.

அந்த ஒரு மணித்தியாலமும் பக்கத்துக் கடைப் பிளாசாவுக்கு முன்னால் காருக்குள் இருந்தோம். நான் அழுவேன் என்று இவர் ரிஷுப் பேப்பர் எடுத்து வைத்திருந்தார். எனக்கு அழுகை வரவில்லை. திங்கட்கிழமை எந்த மேசை தருவார்கள், புதுக் கட்டடங்கள் எத்தனை சேர்ந்திருக்கும் என்றுதான் மனம் ஓடியது. எனக்கே வெட்கமாகிவிட்டது. ஒரு ரிஷுவை எடுத்துச் சும்மா மூக்கைத் துடைத்தேன்.

என் வேலையைச் சொல்ல வேண்டும். லிஃப்ற் திருத்துகிற கொம்பனி. ரொறன்ரோவில் எங்களிடம் ஒப்பந்தம் உள்ள எந்தக் கட்டடத்தில் லிஃப்ற் நின்றாலும் அழைப்பு எனக்கு வரும். உள்ளே ஆள் அகப்பட்டிருக்கிறதா, எந்தத் திருத்துநர் பக்கத்தில் இருக்கிறார், யாரை எங்கே அனுப்புவது எல்லாம் நான்தான். ஊராருக்கு இது "ஏதோ போன் எடுக்கிற வேலை". கேட்பவர்களுக்கு நானும் "என்ன செய்யிறது, வீட்டுக் கடன், மோட்கேஜ் இருக்கே" என்று சொல்லிப் பழகிவிட்டேன். வேலைக்குப் போகிற தாய்க்கு இந்தப் பதில்தான் பாதுகாப்பு. இதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள்.

எங்கள் கொம்பனி ஒவ்வொருவருக்கும் வருடத்துக்கு இவ்வளவு என்று ஒரு செலவுக் கணக்கில் காசு ஒதுக்கும். பிள்ளை பராமரிப்புக்கு அதை எடுக்கலாம். முதலில் நாங்கள் கட்டி, பற்றுச்சீட்டை அனுப்பினால் பிறகு திருப்பித் தருவார்கள். ஒரே நிபந்தனை, நாங்கள் வேலை செய்வதற்காகப் பிள்ளையை விட்டிருக்க வேண்டும். அந்தக் காசை நம்பித்தான் நான் திரும்பிப் போனேன். முதல் மாதக் காசைக் கிரெடிற் கார்ட்டில் இழுத்தாயிற்று. இது வந்தால்தான் அடுத்த மாதம் கட்டி அந்த ஐந்தாவது இடத்தைக் காப்பாற்றலாம்.

மாத முடிவில் அன்ரி தந்த பற்றுச்சீட்டை அனுப்பினேன். திரும்பி வந்துவிட்டது. பராமரிப்புத் தொடங்கிய திகதியில் ஊழியர் லீவில் இருந்திருக்கிறார், ஆகவே ஏற்க முடியாது என்று ஒரு வரி. அன்ரி எல்லாவற்றையும் ஒரே சீட்டில் எழுதியிருந்தார். தொடங்கிய நாள் என்ற இடத்தில் எங்கள் பொன்னான புதன்கிழமை.

"அன்ரி, அதைத் திங்கட்கிழமை எண்டு மாத்தி எழுதுவீங்களோ?" என்று கேட்டேன்.

"அதெப்பிடிப் பிள்ளை? நான் புதன்கிழமை கை நீட்டிக் காசு வாங்கினனான். பொய்த் திகதி போட மாட்டன். வேறை என்ன வேணுமெண்டாலும் கேளுங்கோ, செய்து தாறன்."

அன்று பின்னேரம் இவரிடம் சொன்னேன். தூரத்தில், பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில் வேலை செய்துவிட்டுக் களைத்து வந்திருந்தார். மனுசன் தன் அட்டமியை நினைத்துக் குன்றிப்போனார். பிறகு, நல்ல மனதோடுதான், சொன்னார்:

"அப்ப விடுமன். நீர் கொஞ்ச நாளைக்கு வீட்டிலை நில்லும். நான் ஓவர்ரைம் செய்யிறன். மோட்கேஜுக்குத்தானே போறனீர்?"

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. ஆனால் என்ன சொல்லிச் சண்டை பிடிப்பது? நான் சொல்லிக்கொண்டு திரிந்ததைத்தான் அவர் எனக்கே திருப்பிச் சொன்னார். சோற்றுப் பானையை டொம் என்று வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

அடுத்த நாள் மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், செலவுக் கணக்குப் பார்க்கிற இடத்துக்குப் போன் எடுத்தேன். வேறு ஏதோ நகரத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். அவளுக்கு ஆங்கிலத்தில் அட்டமியை விளங்கப்படுத்தியது என் வாழ்க்கையின் பெரிய சாதனை.

"அப்படியென்றால் அந்தப் புதன்கிழமை நல்ல நாள்?"

"ஓம், நல்ல நாள்."

"நீங்கள் அன்றைக்கு வேலை செய்யவில்லை."

"இல்லை. காருக்குள் இருந்தேன்."

அவள் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு எனக்குக் கேட்டது. பிறகு குரலைச் சரிப்படுத்திக்கொண்டு, எல்லாரிடமும் கேட்க வேண்டிய கேள்வியாம், கேட்டாள்: "உங்களுக்கு இந்தப் பராமரிப்பு ஏன் தேவைப்படுகிறது?"

மோட்கேஜ் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"எனக்கு வேலைக்குப் போக விருப்பம்" என்று வந்துவிட்டது. நிறுத்தவும் முடியவில்லை. "லிஃப்ற்றுக்குள் அகப்பட்டவர்கள் பயந்துபோய்ப் பேசுவார்கள். ஆள் வந்து கதவைத் திறக்கும் மட்டும் நான் அவர்களோடு கதைத்துக்கொண்டிருப்பேன். நான் அதில் கெட்டிக்காரி. லீவில் இருந்த வருடம் முழுக்க அதை நினைத்துக்கொண்டிருந்தேன். மகளில் எனக்கு உயிர். இதுவும் வேண்டும்."

அந்தப் பக்கம் அவள் ஏதோ தட்டி எழுதுவது கேட்டது. கேள்விக்கு மிஞ்சிய பதில் சொல்லிவிட்டேனோ என்று பயமாக இருந்தது.

"இது போதும்" என்றாள். "அந்த ஒரு மணித்தியாலத்துக்குத் தர முடியாது. அதற்கு ஒரு சீட்டு, திங்கட்கிழமையிலிருந்து வேறு ஒரு சீட்டு என்று எழுதி வாங்கி அனுப்புங்கள். இரண்டாவதற்குக் காசு வரும்."

பின்னேரம் மகளை எடுக்கப் போனபோது அன்ரியிடம் சொன்னேன். "உதுக்கோ இந்தப் பாடு? ரெண்டென்ன, நாலு சீட்டு எழுதித் தாறன்" என்று அங்கேயே எழுதித் தந்தார். காசு வந்தது. அடுத்த மாதமும் ஐந்தாவது இடம் என் மகளுக்குத்தான்.

சீட்டு எழுதி வாங்கிய அன்றிரவே, இவர் வந்து சாப்பிட இருந்ததும் பக்கத்தில் போய் நின்றேன். "இஞ்சருங்கோ, நான் மோட்கேஜுக்குப் போறேல்லை. எனக்கு அந்த வேலை விருப்பம். மோட்கேஜ் முடிஞ்சாலும் போவன்."

இவர் பிட்டைக் குழைப்பதை நிறுத்திவிட்டு என்னை அண்ணாந்து பார்த்தார். புதிதாக யாரோ வீட்டுக்கு வந்து நிற்கிற மாதிரி ஒரு பார்வை. பிறகு பக்கத்துக் கதிரையை இழுத்துவிட்டு, "இரும். இண்டைக்கு எந்த லிஃப்ற் நிண்டது?" என்று கேட்டார்.

கல்யாணம் செய்து ஐந்து வருடத்தில் அதை அவர் என்னிடம் முதல் தரம் கேட்டார். நான் இருந்து சொல்லத் தொடங்கினேன். பிட்டு ஆறியும் அவர் எழும்பவில்லை.