கொண்டுபோனவர்

சண்டையில் இடம்பெயர்ந்தவர்களைப் பதியும் எங்கள் ஓர்ஸ் ஹில் அலுவலகத்துக்குக் கணினி அட்டவணைகள் அமைத்துத் தர வந்தவர் அவர். மெலிந்த மனிதர். நடந்தே வருவார்; ஆனாலும் சைக்கிள் ஓடுகிறவரைப் போல வலது காற்சட்டை நுனியில் கிளிப் போட்டிருப்பார்.

ஆட்கள், வீடுகள், வள்ளங்கள், வயல்கள் எல்லாவற்றுக்கும் தனித்தனி அட்டவணை. எதை எதோடு தொடுப்பதென்றாலும் இணைப்பு அட்டவணை ஒன்றே போதும் என்று பிடிவாதமாக நின்றார்.

"வள்ளத்துக்குச் சொந்தக்காரன் ஒருத்தன், ஓடுறவன் வேறை ஆள். ஒவ்வொண்டுக்கும் ஒரு கட்டம் கூட்டிக்கொண்டே இருப்பீங்களோ?"

தகவல்களைத் தட்டச்சு செய்வது என் வேலை. இணைப்பு அட்டவணையின் முதல் வரியில் ஒரு சைக்கிள் ஓர் ஆளோடு இணைக்கப்பட்டிருந்தது. உறவு: கொண்டுபோனவர். நாங்கள் சைக்கிள்களைப் பதிவதே இல்லை.

"சேர், இது சோதிச்சுப் பாக்கப் போட்டதுதானே? அழிக்கட்டே?"

"வேண்டாம். அது என்ரை தம்பி. நிலாவெளிக்குப் போயிட்டு வாறன் எண்டு என்ரை சைக்கிளைக் கொண்டு போனவன். வரட்டும், நானே அழிக்கிறன்."

வேலை முடிந்து போனவரை நான் பிறகு காணவில்லை. வேண்டாத வரிகளை நீக்கும்படி மேலிடம் அடிக்கடி சொல்லும். ஒவ்வொரு முறையும் இரண்டாம் வரியிலிருந்துதான் தொடங்கினேன்.